முட்டை வாங்குவது யார்? சாந்த்பூர் நாட்குறிப்பு

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்கள் சொன்னதைச் செய்தனவா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘ஆடிட் மாதிரி’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆடிட்டர் ரசீது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம். எனக்கு ரசீது எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும்: இவ்வளவு செலவு செய்து யார் வீட்டிலாவது ஏதாவது மாறியதா?

2023 பிப்ரவரியில் வங்கதேசம் போனபோது இரவுகளில் எழுதி வைத்த குறிப்புகள் இவை. நிறுவனங்களின் பெயர் இருக்காது, கிராமங்களின் பெயரும் இருக்காது. பதில் சொன்னவர்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

பிப்ரவரி 16, வியாழன். டாக்கா

விமான நிலையத்திலிருந்து குல்ஷானுக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓட்டுநருக்கு அவசரமே இல்லை. டிசம்பர் கடைசியில் திறந்த மெட்ரோ ரயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். உத்தராவிலிருந்து அகர்காவ் வரை 60 டாக்கா. வேலைக்கா போனீர்கள் என்றால், இல்லையாம். பேரனைக் கூட்டிக்கொண்டு சும்மா போய்விட்டு அதே ரயிலில் திரும்பி வந்தாராம். ‘ஏசி நன்றாக இருந்தது’ என்று நற்சான்று கொடுத்தார்.

மதியம் அலுவலகத்தில் சோறு, கெட்டிப் பருப்பு, கருவாட்டு பொர்த்தா. சுட்ட கருவாட்டை வரமிளகாய், பூண்டு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த துவையல் அது. எங்கள் பக்கத்துக் கருவாட்டுக்காரர்கள் இதைச் சாப்பிட்டால் கடுகெண்ணெயை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு விளக்கக் கூட்டம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஊட்டச்சத்துக்கான திட்டம் இது. கிராமத்தில் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் தாய்மார்களை உட்காரவைத்து மாதாமாதம் வகுப்பு. தினம் ஒரு முட்டை, பருப்பு, கீரை, சின்ன மீன், கை கழுவுதல். திரையில் ஓடிய பட்டியலில் எல்லா வரியும் பச்சை. வகுப்புகள் நடந்தன, தாய்மார்கள் வந்தார்கள், கையேடுகள் கொடுக்கப்பட்டன. இவ்வளவு பச்சையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கடைசியில் அந்த ஆறு அளவுகோல்கள் வந்தன. பொருத்தம், இசைவு, பலன், சிக்கனம், தாக்கம், நீடிப்பு. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு 1991-இல் ஐந்தாக வகுத்ததை 2019-இல் ‘இசைவு’ சேர்த்து ஆறாக்கினார்கள். உலகத்தில் பாதி மதிப்பீட்டு அறிக்கைகளின் பொருளடக்கம் இதுதான். யார் கையில் காசு இருக்கிறது என்பதற்கு அதில் தனி இடம் கிடையாது.

பிப்ரவரி 17, வெள்ளி. சதர்காட், அப்புறம் ஆறு

டாக்காவின் படகுத்துறையான சதர்காட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. மழைக்காலம் போய் நாளானதால் புரிகங்கா ஆறு கரேலென்று கிடக்கிறது. அந்தக் கறுப்புத் தண்ணீரின் மேல் வெள்ளை வெளேரென்று மூன்று மாடி லஞ்சுகள், அதாவது பயணிகள் கப்பல்கள். போன ஜூனில் பத்மா பாலம் திறந்த பிறகு பரிசால் பக்கம் போகும் கூட்டம் பஸ்ஸுக்குப் போய்விட்டதாம். நாங்கள் ஏறிய சாந்த்பூர் லஞ்சில் மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை. திட்டத்துக் கிராமங்கள் அந்தப் பக்கம்தான்.

மேக்னா ஆற்றுக்கு வந்ததும் தண்ணீர் நிறம் மாறியது, காற்றும் மாறியது. பொரிக்காரர் வந்தார், வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் போட்டுக் குலுக்கிய பொரி 20 டாக்கா. பின்னாலேயே அவித்த முட்டைக்காரர். ஒன்று 15 டாக்கா, கறுப்பு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. (அப்போது நூறு டாக்கா என்றால் நம் எண்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.)

பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் உற்றுப் பார்ப்பதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. பார்த்து முடித்த பிறகு பேசுவார்கள். எந்த ஊர் என்றார். சென்னை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ‘வேலூர்!’

மனைவியின் சிறுநீரகத்துக்காக வேலூர் சிஎம்சிக்கு வந்தவர். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் அறை எடுத்து, வாசலில் வங்க மொழியில் எழுதிய கடைகளில் மீன் வாங்கி, தானே சமைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறார். ‘உங்க ஊர்ல எல்லாம் நல்லா இருந்தது. சோத்துல மட்டும் எதுக்கு அவ்வளவு புளி?’ என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. அதற்குப் பரிகாரம் போல எனக்கு ஒரு முட்டை வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார்.

சாந்த்பூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. பத்மாவும் மேக்னாவும் டாக்காத்தியாவும் கூடும் முனை இது. ஹில்சா மீனின் ஊர். கிலோவுக்குச் சற்றுக் குறைவான மீன் ஆயிரம் டாக்காவைத் தாண்டும் என்றார் ஓட்டல்காரர். ஒரு துண்டு மட்டும் வாங்கினோம். மஞ்சளும் உப்பும் தடவிக் கடுகெண்ணெயில் பொரித்து, அந்த எண்ணெயையே சோற்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். முள் எடுக்கத் தெரியாமல் நான் திணறியதை மேசைக்கு மேசை வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் எங்கள் கணக்கெடுப்புக் குழுவில் இருந்த, நோவாகாலி மாவட்டத்துப் பெண் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ‘ஆபா, விடுங்க’ என்று தானே எடுத்துக் கொடுத்தாள். ஆபா என்றால் அக்கா. இனி ஊர் போகும்வரை எல்லோருக்கும் நான் ஆபாதான்.

பிப்ரவரி 18, சனி. முதல் கிராமம்

காலையில் தெருமுனையில் பாப்பா பிட்டா. அரிசி மாவுக்குள் பனங்கருப்பட்டி போலவே இருக்கும் ஈச்சவெல்லமும் தேங்காயும் வைத்து ஆவியில் வேகவைப்பது. 10 டாக்கா. நம் குழாய்ப்புட்டின் நெருங்கிய சொந்தம்.

சிஎன்ஜி ஆட்டோவில் போய், அப்புறம் பேட்டரி வண்டி, அப்புறம் வரப்பில் நடை. இரண்டு பக்கமும் போரோ நெல் பச்சைப் பசேலென்று. சில வயல்களில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் பாய் விரித்துத் தாய்மார்கள் காத்திருந்தார்கள். நாங்கள் வருவது தெரிந்து நல்ல சேலை. திட்டத்து ஊழியர் கேட்கக் கேட்க ஒரே குரலில் பதில். குழந்தைக்குத் தினம் என்ன கொடுக்க வேண்டும்? முட்டை. எத்தனை மாதத்திலிருந்து? ஆறு மாதத்திலிருந்து. ஒருத்திகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் வீடு வீடாகப் போனோம். எங்கள் கேள்வித்தாளில் முக்கியமானது, நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை குழந்தை என்னென்ன சாப்பிட்டது என்ற பகுதி. உணவுகளை எட்டு வகையாகப் பிரித்து, ஐந்து வகையாவது சாப்பிட்டிருந்தால் போதுமானது என்று உலகம் முழுக்க வைத்திருக்கிற கணக்கு. தாய்ப்பாலும் அதில் ஒரு வகை. முட்டைக்குத் தனி வரி.

மூன்றாவது வீடோ நான்காவது வீடோ. பதினாறு மாதப் பையன், இடுப்பில் கறுப்புக் கயிறு, கையில் பொரி. நேற்று முட்டை சாப்பிட்டானா? அம்மாவுக்கு இருபது வயது இருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு ‘இல்லை’ என்றாள். இந்த வாரம்? ‘இல்லை.’ முட்டை நல்லது என்று தெரியுமா? ‘தெரியும்.’ இந்த மூன்று பதிலையும் நோவாகாலிப் பெண் டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து மாமியார் ஒரு தட்டோடு வந்தார். அதில் பிஸ்கட், பொரி, இரண்டாக நறுக்கிய ஒரு அவித்த முட்டை. விருந்தாளிக்கு.

வேண்டாம் என்று சொன்னால் அந்தம்மா மனம் நோகும். சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது. பாதியை நான் எடுத்துக்கொண்டு மறுபாதியைப் பையனிடம் நீட்டினேன். அவன் வாங்கி மஞ்சள் கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைக் கோழிக்குப் போட்டான். மாமியார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நோவாகாலிப் பெண் தன் வேலையில் குறியாக, ‘ஆபா, இது நாளைக்குக் கேட்டால் கணக்கில் வரும், இன்றைக்கு வராது’ என்றாள்.

அந்த மாமியாரிடம் பேச்சு வளர்ந்தது. அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து வயிற்றுப்போக்குக்கு மருந்து கலக்கச் சொல்லிக்கொடுத்தாளாம். எப்படி என்று கேட்டதுதான் தாமதம், எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தார். மூன்று விரல் நுனியால் ஒரு சிட்டிகை. விரலின் முதல் கோட்டைத் தாண்டக் கூடாதாம்; தாண்டினால் கரிக்கும். ஒரு கைப்பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர். பேரனுக்கு இப்போது கடையில் பாக்கெட் வாங்குகிறார்கள், ஆனால் அந்தச் சிட்டிகை அளவு அந்த விரலில் அப்படியே இருக்கிறது.

இது பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற வேலை. 1980 முதல் 1990 வரை நாடு முழுக்க ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்கள் நடந்தே போய், ஒவ்வொரு தாயாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதில் வியப்பது சம்பள ஏற்பாட்டை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துக் கூலி கிடையாது. சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கலக்கும் கரைசல் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார். அந்த மதிப்பெண்ணுக்குத் தகுந்தாற்போல் ஊழியருக்குப் பணம்.

அப்படியும் சிக்கல் வந்தது. சொல்லத் தெரிந்தவர்கள் ஏராளம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கலந்து கொடுத்தவர்கள் கொஞ்சம். ஏன் என்று போய்ப் பார்த்தால், ஊழியர்களே தங்களுக்கு வந்தால் அதைக் குடிப்பதில்லை. அப்புறம், வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லவே இல்லை. பிறகுதான் மசூதியிலும் சந்தையிலும் ஆண்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்த விஷயம். நாங்கள் பார்க்க வந்த திட்டத்தின் பட்டியலில் ஆண்களுக்கென்று ஒரு வரி உண்டா என்று இரவு தேடினேன். ‘சமூக விழிப்புணர்வு’ என்று ஒன்று இருந்தது. அதுவும் பச்சையாக இருந்தது.

பிப்ரவரி 19, ஞாயிறு. சந்தை

வயிறு சரியில்லை. பொர்த்தாவா, ஹில்சா எண்ணெயா என்று தெரியவில்லை. காலை முழுக்க அறையில் பாக்கெட் கரைசலைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். நேற்று அவ்வளவு எழுதிவிட்டு இன்றைக்கு நானே குடிக்க வேண்டி வந்ததை நோவாகாலிப் பெண் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாலையில் தெம்பு வந்ததும் சந்தைக்குப் போகலாம் என்றேன். திட்ட அலுவலகத் தம்பிக்குத் தயக்கம். ‘ஆபா, அது ஆம்பளைங்க இடம்.’ சரி, அதனால்தான் போக வேண்டும்.

நூறு பேர் நின்ற இடத்தில் பெண்கள் என்று பார்த்தால் நானும் நோவாகாலிப் பெண்ணும் கீரை விற்ற ஒரு பாட்டியும். யாரும் இடிக்கவில்லை, வழி விட்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். கண்டன்ஸ்டு மில்க் டீ 10 டாக்கா. திகட்டும் இனிப்பு, ஆனால் அன்றைய வயிற்றுக்கு இதமாக இருந்தது.

முட்டை இங்கே நாலு நாலாகத்தான் விற்கிறார்கள். அன்று நாலு முட்டை 46 டாக்கா. பிராய்லர் கோழி கிலோ இருநூறைத் தாண்டிவிட்டது என்று எல்லோருக்கும் புலம்பல். டீக்கடையில் உட்கார்ந்து வாங்குகிறவர்களின் பைகளை வேடிக்கை பார்த்தோம்: உருளைக்கிழங்கு, வெங்காயம், சின்ன மீன், வெற்றிலை, எண்ணெய்.

பையில் மீனோடு நின்ற ஒருவரிடம், உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, முட்டை வாங்குவதில்லையா என்று கேட்டோம். மனிதர் சிரித்தார். ‘வீட்டுல ஒன்பது பேர். ஒரு முட்டை வாங்கிட்டுப் போய் யாருக்குக் கொடுப்பேன்? தம்பிக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு. வாங்குனா ஒன்பது வாங்கணும், இல்லேன்னா வாங்கவே கூடாது. மீன்னா குழம்புல போட்டா எல்லாருக்கும் ஆச்சு.’

அவர் போன பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான்கு வருடமாக நடந்த வகுப்புகளின் கையேடு என் பையில் இருந்தது. அதில் படம் போட்ட முட்டை உண்டு, ஒன்பது பேர் கிடையாது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு முட்டை’ என்று எழுதியவர்கள் அப்பா, அம்மா, குழந்தை என்று மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டை நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கதைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கொஞ்ச காலம் கூடுதல் உணவு கொடுப்பது, தாய்க்கு ஆலோசனை சொல்வது என்பதுதான் ஏற்பாடு. நல்ல பெயர் எடுத்தது. அதை முன்மாதிரியாக வைத்து 1995-இல் வங்கதேசத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2003-இல் ‘சேவ் த சில்ட்ரன்’ யுகே வெளியிட்ட ஆய்வு, திட்டம் நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. பெரிய சண்டை. 2005-இல் உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்த்தது. ஆலோசனை தாய்க்குப் போகிறது. சந்தைக்குப் போவது ஆண். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மாமியார். கொடுத்த கூடுதல் உணவும் பல வீடுகளில் வழக்கமான சாப்பாட்டுக்குப் பதிலாகப் போய்விட்டது. ஒரு இடத்தில் பலித்தது இன்னொரு இடத்தில் ஏன் பலிக்காது என்பதற்கு நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவப் பேராசிரியர் எடுத்துக்காட்டியது இந்தத் திட்டங்களைத்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பயிற்சி வகுப்பில் படிக்கிற கதை. படித்துவிட்டு அடுத்த கையேட்டிலும் அம்மாவையும் முட்டையையும் வரைகிறோம்.

நம் ஊரில் மட்டும் மாமியார் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். கடைக்கு மருமகளும் போவாள் என்பதுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 20, திங்கள். ஒப்பீட்டுக் கிராமம்

திட்டம் நடக்காத கிராமத்தையும் பார்த்தால்தான் கணக்கு நிற்கும். அந்த ஊருக்குப் போக ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும். பாலம் என்பது ஒற்றை மூங்கில், பிடித்துக்கொள்ள இன்னொரு மூங்கில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடினார்கள். நான் பாதியில் நின்றுவிட்டேன். எதிரே வந்த பெரியவர் பால் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, நான் கரை சேர்ந்ததும் மறுபடி புறப்பட்டார். ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது செருப்பு ஒன்று கால்வாயில் போய்விட்டது. அதற்கும் மூன்று பையன்கள் குதித்தார்கள். கிடைக்கவில்லை.

ஊருக்குள் போனால் அடையாளமே மாறுகிறது. தகர வீடுகளுக்கு நடுவில் டைல்ஸ் ஒட்டிய மாடி வீடுகள். ஓமன், சவூதி, மலேசியா. இந்த ஊரில் பாதி ஆண்கள் வெளிநாட்டில். போன் வழியாகப் பணம் அனுப்பும் பிகாஷில் மனைவியின் போனுக்கே காசு வருகிறது. முதல் வீட்டுப் பெண் வாசலுக்கு வரும் வியாபாரியிடம் தானே பேரம் பேசி மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். நேற்று குழந்தை முட்டை சாப்பிட்டதா? ‘ஆமா.’ அதற்கு முந்தின நாள்? ‘தினம்தான். அவங்க அப்பா வீடியோ கால்ல கேட்பாரு.’ வகுப்புக்குப் போயிருக்கிறீர்களா? என்ன வகுப்பு என்று திருப்பிக் கேட்டாள்.

அடுத்தடுத்த வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதை. நோவாகாலிப் பெண் டேப்லெட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டம் நடந்த ஊரைவிட நடக்காத ஊர்ப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று முடிவு வந்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கிராமங்களை ஜோடி சேர்த்தபோது நிலம், பள்ளிக்கூடம், சாலை, வீட்டுக் கூரை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டில் யார் இருக்கிறார், பணம் யார் போனுக்கு வருகிறது என்று பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஊரால் திட்டம் தோற்றதாக ஆகாது. காசு அம்மா கையில் இருந்தால் வகுப்பு இல்லாமலே முட்டை வருகிறது என்பது இந்தப் பயணத்தில் கிடைத்த உருப்படியான தகவல். ஆனால் அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதும் அந்தம்மா முற்றத்தில் இருந்த குழாய்க் கிணற்றைத் தாண்டிப் போய், தெருக்கோடி ஆழ்குழாயிலிருந்து கொண்டுவந்தார். முற்றத்துக் குழாயின் வாயில் சிவப்புச் சாயம், பாதி உரிந்து போயிருந்தது.

அந்தச் சிவப்புக்கு ஒரு கதை. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாகக் கூடாது என்று 1970-களிலிருந்து அரசும் யுனிசெஃபும் குளத்து நீரை விட்டுக் குழாய்க் கிணற்றுக்கு மாறச் சொன்னார்கள். மக்களும் மாறினார்கள், தாங்களே காசு போட்டு லட்சக்கணக்கில் இறக்கினார்கள். வெற்றி என்று எழுதினார்கள். 1993-இல் அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பிறகு லட்சக்கணக்கான குழாய்களைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடித்தார்கள். சாந்த்பூர் மாவட்டத்தில் சிவப்புதான் அதிகம். இதற்கு முன்பே, 1992-இல், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் இந்த நாட்டின் குழாய்க் கிணற்று நீரைச் சோதித்திருந்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள். ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்து மனிதர் போட்ட வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போய் 2006-இல் தள்ளுபடியானது.

சாயம் உரிகிறதே, புதிதாக வந்த மருமகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘நான் சொல்லுவேன்’ என்றார் அந்தம்மா.

பிப்ரவரி 21, செவ்வாய். மத்லப்

விடுமுறை. 1952-இல் வங்காள மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்ட நாள். விடிவதற்கு முன்பே தெருவில் பாட்டுச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் கறுப்பு வெள்ளை உடையில், வெறுங்காலில், கையில் பூவோடு பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். வழியில் ஒரு பள்ளியில் வாழைத்தண்டை நிறுத்திக் காகிதம் ஒட்டி நினைவுத்தூண் செய்திருந்தார்கள். எங்கள் ஊரிலும் 1965-இல் மொழிக்காகச் செத்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் சொன்னதும், ஒரு சாமந்தியை என் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நேற்று ஒன்று போனதிலிருந்து மற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டல் ரப்பர் செருப்பில்தான் திரிந்தேன்.

அப்புறம் சாந்த்பூர் மாவட்டத்திலேயே இருக்கும் மத்லப். சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு இது திருத்தலம். 1966-இலிருந்து இந்தக் கிராமங்களில் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் ஊர் மாறுதலும் பதிவாகிவருகிறது. 1977-இல் ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் பெண் ஊழியர்கள் வீட்டுக்கே போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு உதவி கொடுத்தார்கள், மறுபாதியில் வழக்கமான அரசுச் சேவை. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு செலவு செய்து நாடு முழுக்க நடத்த முடியுமா என்ற கேள்வியும் உடனே வந்தது. எது எப்படியோ, ஒரே வீட்டை மூன்று தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும் பொறுமை இங்கே இருந்திருக்கிறது. எங்களுக்குக் கொடுத்திருப்பது மார்ச் கடைசி வரை.

விடுமுறை என்பதால் ஆஸ்பத்திரியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு கீர் சாப்பிடப் போனோம். மத்லப் கீர் என்றால் சாந்த்பூர் மாவட்டம் முழுக்கப் பெயர். பாலை வற்ற வற்றக் காய்ச்சிச் சின்ன மண்சட்டியில் கெட்டியாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். வயிறு இப்போதுதான் தேறியது என்பதை மறந்து இரண்டு சட்டி முடித்தேன். மூன்றாவதை நோவாகாலிப் பெண் பிடுங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 22, புதன். மேக்னாவில்

மதியம் டாக்காவில் அறிக்கைக் கூட்டம். காலை லஞ்சைப் பிடித்தோம். ஒரு மணி நேரம் ஓடியதும் அடியில் தடுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீர் குறைந்திருக்கிறது, மணல்திட்டில் ஏறிவிட்டது. ஓதம் வரட்டும் என்றார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் கப்பல்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. சீட்டுக்கட்டு வெளியே வந்தது. வெள்ளரிக்காய்க்காரருக்கு நல்ல வியாபாரம்.

கூட்டத்தை போனில் நடத்தினோம். நிதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், திட்ட இயக்குநர், மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான். முதல் கேள்வியே, ‘ஒரே வரியில் சொல்லுங்கள், திட்டம் பலித்ததா இல்லையா?’ தாய்மார்களுக்கு எல்லாம் தெரிகிறது, பிள்ளைகளுக்கு முட்டை போய்ச் சேரவில்லை, ஏன் என்று உங்கள் கேள்வித்தாளை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். முட்டையை வாங்கியது யார், பரிமாறியது யார், ஒரே அடுப்பில் எத்தனை பேர், பணம் யார் கைக்கு வருகிறது: நாலு கேள்வி சேர்க்க வேண்டும்.

தொடக்கக் கணக்கெடுப்பில் இல்லாத கேள்வியை இப்போது சேர்த்தால் ஒப்பிட முடியாது என்றார்கள். ஒப்பிட வேண்டாம், தனி இணைப்பாகக் கடைசியில் வைக்கலாம் என்றேன். ஏற்கெனவே ஐம்பது நிமிடம் ஆகிறது, இன்னும் நீட்டினால் தாய்மார்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார் இயக்குநர். அது நியாயம்தான். அப்படியானால் எதையாவது எடுக்க வேண்டும். ‘வகுப்பு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தது, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்’ என்ற பகுதியை எடுக்கலாம் என்று நான் சொன்னதும் மறுமுனையில் அமைதி. நாங்கள் கேட்ட எல்லா வீட்டிலும் ஐந்துதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் வேறு என்ன சொல்வார்கள்? அந்தப் பகுதியிலிருந்துதான் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்துக்கு எண் போகிறது என்று பிறகு மெல்லச் சொன்னார்கள்.

பேசிப் பேசி, ஏழு கேள்வி இருந்த அந்தப் பகுதியை இரண்டாகக் குறைக்க ஒத்துக்கொண்டார்கள். வாங்கியது யார், எத்தனை பேர் என்ற இரண்டும் உள்ளே வந்தன. பணம் யார் கைக்கு என்பது ‘உணர்வுபூர்வமான கேள்வி’யாம், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பரிமாறியது யார் என்பது நிலுவையில். டேப்லெட்டில் மாற்ற ஒரு வாரம் ஆகும் என்று மென்பொருள் தம்பி சொன்னதாகக் கடைசியில் செய்தி வந்தது. அதற்குள் கணக்கெடுப்பு பாதி வீடுகளைத் தாண்டிவிடும். அதனால் நோவாகாலிப் பெண்ணிடம், நாளையிலிருந்து நாலு கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேடு 40 டாக்கா, அதற்கு ரசீது வாங்கவில்லை.